கடைசி மவுண்டிங்

வெள்ளிக்கிழமை காலையில் ரோகிணி பூண்டுக் கொட்டகையில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தாள். பின்சீட்டில் வைத்திருந்த காலி முட்டை அட்டை தானாகவே நகர்ந்து நகர்ந்து வந்து கீழே விழுந்தது.

பயந்துபோய்ச் சாவியைத் திருப்பி அணைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தாள். கார் குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி உதறியது. கதவுக் கண்ணாடி கடகடத்தது. முன்னால் தொங்கிய முருகன் படம் இடமும் வலமும் ஆடியது. கொட்டகையின் மறு கோடியில் உட்கார்ந்து பூண்டைக் கற்றை கட்டிக்கொண்டிருந்த மாமியார் பிச்சையம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மகன் வாங்கிப் போட்ட பொருளாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருந்தாள்.

மகன் சண்முகராஜ் கத்தாரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறான். கொடைக்கானல் மலைக் கிராமமான கவுஞ்சியில் அவனுக்குச் சரிவில் படிப்படியாக வெட்டிய மூன்று தட்டுப் பூண்டு நிலமும், ஒரு அம்மாவும், ஒரு பெண்டாட்டியும், இந்தப் பழைய வெள்ளைக் காரும் உண்டு. கார், கொடைக்கானலில் ஒரு ஓட்டல்காரர் கழித்துக் கட்டியது. திரும்பி வந்து சீசனில் டாக்சி ஓட்டலாம் என்று வாங்கிப் போட்டிருந்தான். கல்யாணமான ஆறாவது மாதம் விமானம் ஏறப் போகும்போது அவன் ரோகிணியிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி வை, இல்லையென்றால் பேட்டரி செத்துவிடும் என்றான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். மனுஷனுக்குப் பேட்டரிதான் வாயில் வந்தது.

ரோகிணி அதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இந்த இரண்டு வருஷமாக வெள்ளி தவறாமல் தலைக்குக் குளித்து, பானெட்டில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, காரை ஸ்டார்ட் செய்தாள். ஊரில் சிலபேர் அதை ஏதோ விரதம் என்றே நினைத்திருந்தார்கள்.

அவர்கள் போனில் பேசுகிற அழகையும் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பூண்டுக் கொட்டகை. அவனுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை விடுகிற நேரத்தில் இவள் கொட்டகையில் வந்து நிற்பாள். சாப்டீங்களா என்பாள். சாப்டேன், நீ என்பான். சாப்டேன் என்பாள். அங்கே வெயிலா என்பாள். அங்கே மேகமா என்பான். அதோடு இருவரிடமும் சரக்கு தீர்ந்துவிடும். கொஞ்ச நேரம் இவள் மூச்சு விடுகிற சத்தத்தை அவனும் அவன் மூச்சு விடுகிற சத்தத்தை இவளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் அம்மாகிட்ட குடு என்பான். கண்ணெதிரே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது புருஷனிடம் வேறு என்னத்தைப் பேசுவது?

இத்தனைக்கும் ரோகிணி வாயில்லாப் பூச்சி இல்லை. பழனி அடிவாரத்தில் அவள் அப்பாவுக்குப் பூஜைச் சாமான் கடை. பள்ளிக்கூடம் போகிற வயசிலிருந்தே கடை வாசலில் நின்று, "வாங்கம்மா, வாங்கய்யா, உள்ள வாங்க" என்று கூவி யாத்திரைக் கூட்டத்தை மடக்கி உள்ளே தள்ளியவள். தைப்பூசத்து நெரிசலில் பக்கத்துக் கடைக்குப் போன ஆட்கள்கூட அவள் குரலைக் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். ஊர் உலகத்தையே வாங்க வாங்க என்று கூப்பிட்ட வாய் அது. கட்டின புருஷனைக் கூப்பிட மட்டும் வரவில்லை.

கூப்பிட வேண்டிய நேரமும் வந்து போயிற்று. போன வாரம்தான் அவன் கேட்டான். கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான்.

"நீ என்ன சொல்ற ரோகிணி?"

வந்துருங்க என்பது அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எதிரே மாமியார். போதாக்குறைக்கு, ஆம்பளை சம்பாத்தியத்துக்குக் குறுக்கே நின்றுவிடாதே என்று பெற்ற அம்மா சொல்லி அனுப்பிய புத்திமதி வேறு.

"உங்க இஷ்டம்" என்றாள்.

அவன் சரி என்றான். அன்றிலிருந்து ரோகிணிக்குச் சோறு இறங்கவில்லை. காப்பியில் உப்பைப் போட்டாள், ரசத்தில் சர்க்கரையைப் போட்டாள். அந்த 'உங்க இஷ்டம்' என்ற சொல்லை நினைத்து நினைத்துத் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள்.

அந்த நிலைமையில்தான் கார் உதறியது.

அன்றைக்குப் போனில் சாப்பாடும் வெயிலும் மேகமும் முடிந்தபிறகு, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவள் இதைச் சொன்னாள்.

"கார் ஒதறுதுங்க."

"ஒதறுதா? எப்படி ஒதறுது?"

கல்யாணமாகி முதல்தடவையாக அவன் அவளிடம் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டான். அவள் முட்டை அட்டை கதையைச் சொன்னாள். அவன் வீடியோவில் வரச் சொன்னான். காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, போனை என்ஜினுக்குக் கிட்டே பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டான். ஒரு நிமிஷம் ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டு யோசித்தான்.

"என்ஜின் மவுண்டிங் போயிருக்கும்" என்றான் கடைசியில்.

என்ஜின் என்பது வெறுமனே காருக்குள் கிடக்கவில்லை, ரப்பர் வைத்த நாலு இரும்புத் தாங்கல்கள்மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்த ரப்பர் நைந்துபோனால் என்ஜின் ஆடுகிற ஆட்டமெல்லாம் காருக்கு வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினான். வீட்டிலேயே மாற்றிவிடலாம், நான் சொல்லச் சொல்ல நீ செய் என்றான். பேசி முடிப்பதற்குள் அவனுடைய சாப்பாட்டு இடைவேளை முழுசும் ஓடிவிட்டது. அம்மாகிட்ட குடு என்று கேட்கக்கூட மறந்துவிட்டான். போனை வைத்தபிறகு ரோகிணிக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. கார் ஓடினால்தானே டாக்சி? டாக்சி இருந்தால்தானே அவன் வருவான்? கார் சரியாகவில்லை என்றால் அவன் பேசாமல் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவான். மாசக் கடைசிக்குள் எப்பாடு பட்டாவது இந்தக் காரை நிமிர்த்திவிட வேண்டும் என்று முடிவுகட்டினாள்.

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. கவுஞ்சியில் பூண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து அப்படியே மூட்டை கட்டிவிட மாட்டார்கள். கற்றை கட்டிக் கொட்டகைப் பரணில் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகைய விட்டு, வாரக்கணக்கில் புகை காட்டுவார்கள். புகை இல்லாவிட்டால் மேகக் காற்றில் பூண்டு ஈரம் வாங்கி முளைவிட்டுவிடும். அடுத்த போகத்துக்கான விதைப்பூண்டும் அங்கேதான் தொங்கும். புகை போடுகிற நாட்களில் காரை வெளியே தள்ளி நிறுத்துவது வழக்கம். வருகிற திங்கட்கிழமை புகை போட வேண்டும் என்று பிச்சையம்மாள் நாள் பார்த்து வைத்திருந்தாள்.

ரோகிணி முதலில் செந்தில்வேலைத்தான் பிடித்தாள். அவன் சண்முகராஜுக்குச் சித்தப்பா மகன். பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்குப் போய்வருவதுதான் அவன் பிழைப்பு. வண்டியைப் பற்றித் தெரிந்தவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் மூட்டை ஏற்ற வந்தபோது, காரை ஸ்டார்ட் செய்து காட்டினாள். அவன் வாசலில் நின்றபடியே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன் என்று போனை எடுத்துக்கொண்டு கொட்டகை மூலைக்குப் போனான். பேசிவிட்டுத் திரும்பி வந்தவன் முகம் ஒரு தினுசாக இருந்தது.

"எனக்குச் சோலி கெடக்கு மதினி. நீங்களே பாருங்க. அண்ணன் சொல்லித் தருவாரு" என்று சொல்லிவிட்டு வெரசாகக் கிளம்பிவிட்டான்.

ஒத்தாசைக்குக் கூப்பிட்டால் ஓடுகிறான் பார் என்று ரோகிணி அவனை மனசுக்குள் நாலு வசவு வைதாள்.

சனிக்கிழமை முதல் மவுண்டிங்கில் கையை வைத்தார்கள். வைத்தது அவள் கை. வாய் மட்டும் அவனுடையது. போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடச் சொன்னான். ஊறியது. ஸ்பேனர் போட்டுத் திருகச் சொன்னான். ஸ்பேனர்தான் வழுக்கியது. ஸ்பேனர் வாலில் ஒரு இரும்புக் குழாயை மாட்டி இழுத்தால் பலம் கூடும் என்றான். வீட்டில் இருந்த ஒரே இரும்புக் குழாய் பிச்சையம்மாளின் ஊதுகுழல். அவள் அடுப்படியில் இல்லாத நேரமாகப் பார்த்து ரோகிணி அதை எடுத்து வந்தாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். ஊதுகுழல் வளைந்தது. வளைந்த பிறகு போல்ட் ஒரேயடியாக விட்டுக்கொடுத்தது. ஸ்பேனர் எகிறிப்போய் ரேடியேட்டரில் மோதி, தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது.

"என்ன சத்தம்?" என்றான் கத்தாரில் இருந்தவன்.

ரேடியேட்டர் ஓட்டையில் இப்போதைக்குச் சோப்பை அப்பு என்றான். துணி சோப்பு தீர்ந்து போயிருந்தது. மாமியார் திருவிழாவுக்குத் திருவிழா மட்டும் தேய்த்துக் குளிக்கிற சந்தன சோப்பு இருந்தது. அதில் பாதியைக் கிள்ளி அப்பினாள். தண்ணீர் நின்றது. அன்று மாலை பிச்சையம்மாள் அடுப்பை ஊதக் குனிந்தபோது, ஊதுகுழல் வழியாகப் போன காற்று அடுப்புக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூனைமேல் போயிற்று. சோப்பு விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. அவள் வாயில் வந்ததை எல்லாம் எழுத இடம் பற்றாது.

ஞாயிற்றுக்கிழமை என்ஜினை ஜாக்கியால் தூக்கி நிறுத்திவிட்டு மவுண்டிங்கை வெளியே எடுக்க வேண்டும். கொட்டகைத் தரை மழை ஈரத்தில் சொதசொதவென்று கிடந்தது. ஜாக்கி என்ஜினைத் தூக்குவதற்குப் பதிலாகத் தான் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பலகை வை என்றான். கொட்டகையில் இருந்த ஒரே நல்ல பலகை மாமியார் உட்கார்ந்து பூண்டு கட்டுகிற மணைப்பலகை. அதையும் எடுத்தாள். பிச்சையம்மாள் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

முதல் மவுண்டிங் வெளியே வந்தது. ரோகிணி அதைத் துடைத்து வீடியோவில் காட்டினாள்.

"ரப்பர் நல்லாத்தான இருக்கு?" என்றாள்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னான்.

"பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள விட்டுப் போயிருக்கும். வெளியில தெரியாது" என்றான்.

ரோகிணி அந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கீழே போட மனசு வரவில்லை. புதுசுக்கு மதுரையில் ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பஸ்ஸில் போட்டுவிடுவான், அது வருகிறவரைக்கும் மற்றதையும் கழட்டி வை என்றான். தினம் தினம் அவள் மதுரையிலிருந்து வந்ததா என்று கேட்டாள். தினம் தினம் அவன் இன்னைக்கு வந்துரும் என்றான்.

ஆனால் ஒன்று. காருக்கு அடியில் படுத்துக்கொண்டால் மாமியார் காது அங்கே எட்டாது. போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு போல்ட்டைத் திருகிக்கொண்டே பேசலாம். கைக்கு வேலை இருக்கும்போது வாய்க்குக் கூச்சம் இல்லாமல் போயிற்று. அவன் தன் ரூமைப் பற்றிச் சொன்னான். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில்கள், மேல் கட்டிலில் தூக்கத்தில் பாடுகிற ஒரு மலையாளி, ஜன்னலைத் திறந்தால் மணல். இவள் காருக்கு அடியில் படுத்தபடியே தெரிகிறதையெல்லாம் அவனுக்குச் சொன்னாள். மேகம் தோட்டத்துக்குள் இறங்கிக் காரட் பாத்தியை மூடிவிட்டது, இப்போது பக்கத்து வீட்டு ஆடு மட்டும் தெரிகிறது, இப்போது அதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள். அவன் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மேசைமேல் டிபன் பாக்ஸ் மூடினபடி இருப்பதை அவள் பார்த்தாள்.

"சீட்ல இன்னும் பூண்டு வாசம் வருதா?" என்று ஒருநாள் கேட்டான்.

"வருது."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

அவள் காருக்கு அடியிலிருந்து எழுந்து போய், முன்சீட்டில் முகத்தை வைத்து மோந்து பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பூண்டு வாசம் வருகிறது என்றாள். அவன் போன நாளில் அவன் சட்டையில் வந்த வாசமும் கொஞ்சம் வருகிறது என்பதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அது போல்ட் விஷயம் இல்லையே.

கம்பெனி விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. மாசக் கடைசி மட்டும் வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் திங்கட்கிழமை பிறந்தது. புகை போட்டே தீர வேண்டும் என்று மாமியார் விறகோடு வந்து நின்றாள். கார் இருந்த கோலத்தில் அதை வெளியே தள்ள வழியில்லை. பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் தீயா என்று அவன் போனில் அலறினான். முளைவிட்டால் விதைக்கு உன் மவுண்டிங்கையா நடுவது என்று அவன் அம்மா கேட்டாள். கடைசியில் காருக்கு எட்டாத கோடியில் தீ மூட்டினார்கள். கோடியில் மூட்டினாலும் புகை கோடியோடு நிற்குமா? கொட்டகை முழுக்க நிறைந்தது. வீடியோவில் அவனுக்குச் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ரோகிணி இருமிக்கொண்டே பேசினாள். புகை சற்று விலகியபோது பார்த்தால், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"புகை இங்கதான போடுறோம். உங்களுக்கு என்னத்துக்குக் கண்ணு கலங்குது?"

"இங்க ஏசி தூசி" என்றான்.

புதன்கிழமை இரண்டாவது மவுண்டிங் எடுத்ததும் ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணைப்பலகை பிளந்து, என்ஜின் ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. மேலேயிருந்து கட்டித் தூக்கு என்றான். மேலே என்ன இருக்கிறது? பரண் இருக்கிறது. பரணின் நடுவிட்டத்தில் காரட் மூட்டை கட்டுகிற கயிற்றைப் போட்டு, என்ஜினைச் சுற்றிக் கட்டி, கயிற்றுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து முறுக்கினாள். என்ஜின் மெல்ல மேலே வந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது. அந்தத் தெம்பில் மூன்றாவது மவுண்டிங்கையும் எடுத்துவிட்டாள். இன்னும் ஒரு முறுக்கு கொடு என்றான். கொடுத்தாள்.

என்ஜின் வருவது நின்று விட்டம் வரத் தொடங்கியது.

விட்டம் கீழே வளைந்ததும் பரண் சரிந்தது. பரண் சரிந்ததும் முதல் கற்றை விழுந்தது. அது ரேடியேட்டர்மேல் விழுந்தது. இரண்டாவது என்ஜின்மேல் விழுந்தது. பிறகு எண்ண முடியவில்லை. புகை காட்டிய விதைப்பூண்டு பூராவும் கிரீஸிலும் மண்ணெண்ணெயிலும் சந்தனச் சோப்புத் தண்ணீரிலும் போய் உட்கார்ந்தது. ரோட்டில் பிக்கப்பை நிறுத்தி எட்டிப் பார்த்த செந்தில்வேல், வாயைப் பொத்திக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பிச்சையம்மாள் எழுந்து வந்து காருக்கு முன்னால் நின்றாள். பூம்பாறைக் கோயில் வேலப்பனுக்கு வேண்டிக்கொண்டு பாதுகாத்த விதை என்று மட்டும் சொன்னாள். பிறகு என்ஜினுக்குள் கையை விட்டுப் பல் பல்லாகப் பொறுக்கத் தொடங்கினாள்.

ரோகிணி காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அழுகை வந்தது. கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. கார் இனி இந்த ஜென்மத்தில் ஓடாது. டாக்சியும் இல்லை, அவன் வருவதும் இல்லை. மாசம் முடிய ஒருநாள்தான் பாக்கி. போன் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதில் சண்முகராஜ் ஒன்றுமே நடக்காத மாதிரி சாவகாசமாகப் பேசினான்.

"சரி, மூணு முடிஞ்சுது. பின்னாடி இன்னொண்ணு இருக்கும் பாரு, கடைசி மவுண்டிங். அதையும் கழட்டிரு."

ரோகிணி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். கடைசி போல்ட்டைப் பார்த்தாள். ஸ்பேனரைத் தூக்கி எறிந்தாள்.

"கழட்ட மாட்டேன்" என்றாள்.

"ஏன்?"

"என்னால முடியாது. இனிமே ஒரு போல்ட்டுக்கூடக் கழட்ட மாட்டேன். கழட்டினதையும் மாட்ட மாட்டேன். நீங்க வாங்க."

பழனி அடிவாரத்துக் கடை வாசலில் நின்று கூவின குரல், இரண்டு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்த குரல், முழுசாக வெளியே வந்தது. காருக்கு அடியில் கிளம்பிக் கொட்டகையைத் தாண்டிப் பாத்திகளைத் தாண்டிப் போயிற்று. பக்கத்துத் தட்டில் களையெடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வந்துருங்க. ரெண்டு வருஷமும் வேணாம், ரெண்டு நாளும் வேணாம். கார் ஓடுனா ஓடுது, ஓடாட்டிக் கெடக்குது. உங்க இஷ்டம்னு நான் சொன்னது பொய். என் இஷ்டம் நீங்க வர்றதுதான். நீங்க இல்லாம எனக்கு இங்க ஒண்ணுமே புடிக்கல. வாங்க."

மாமியாரின் கை என்ஜினுக்குள் அப்படியே நின்றது. இனிமேல் அந்த வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று ரோகிணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"சரி" என்றான் சண்முகராஜ். 'உங்க இஷ்டம்' என்றதற்குச் சொன்ன சரி இல்லை இது. குரல் உடைந்திருந்தது. "வர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போட்டுர்றேன்."

அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். தூக்கத்தில் பாடுகிற மலையாளியாக இருக்கலாம்.

ரோகிணி தவழ்ந்து வெளியே வந்தாள். முகத்தில் கிரீஸும் கண்ணீருமாக மாமியார் முன்னால் நின்றாள். பிச்சையம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பூண்டுப் பல்லை முந்தானையில் துடைத்தாள்.

"வரும்போது ஒரு ஊதுகுழல் வாங்கிட்டு வரச் சொல்லுத்தா" என்றாள்.

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பேசாமல் அழுதாளா, சிரித்தாளா என்று ரோகிணிக்குத் தெரியவில்லை. மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் வெள்ளனே வாசலில் பிக்கப் வந்து நின்றது. செந்தில்வேல் டூல் பாக்ஸோடு இறங்கினான். இன்றைக்குச் சோலி ஒன்றும் இல்லை மதினி, ஞாயிற்றுக்கிழமை அண்ணனை மதுரை ஏர்போர்ட்டில் கூப்பிட இந்தக் காரில்தானே போக வேண்டும், வெரசா மாட்டிருவோம் என்றான். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்த அக்கறை என்று அவள் கேட்டதற்குத் தலையைச் சொறிந்தான்.

அவன் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து ரோகிணிக்கு எரிச்சலாக வந்தது. பரணுக்கு முட்டுக் கொடுத்தான். கயிற்றை அவிழ்த்தான். என்ஜினை அதன் இடத்தில் இறக்கி, பழைய மவுண்டிங் மூன்றையும் எடுத்துத் துடைத்து மாட்டத் தொடங்கினான்.

"பழசையே மாட்டுறீங்க? மதுரையில இருந்து புதுசு வரணும்ல?" என்றாள்.

"இதான் மதினி புதுசு. அண்ணன் போறதுக்கு மொத வாரம் மாட்டுனது. நான்தான் டார்ச் புடிச்சேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்படியென்றால் கார் ஏன் உதறியது என்று கேட்டாள். அவன் காரை ஸ்டார்ட் செய்தான். சந்தன வாசமும் பூண்டு வாசமும் சேர்ந்து ஆவியாகக் கிளம்பியது. கார் அதே மாதிரிதான் உதறியது. அவன் அணைத்துவிட்டு இறங்கி வந்து, என்ஜின்மேல் போகிற ஒரு கறுப்பு வயரைத் தூக்கிக் காட்டினான். அதில் பல் பதிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து அந்த இடத்தில் சுற்றினான். மறுபடி ஸ்டார்ட் செய்தான்.

கார் உதறவில்லை. பால் குடிக்கிற பூனை மாதிரி ஓடியது. பானெட்டில் போன வெள்ளிக்கிழமை வைத்த குங்குமப் பொட்டுக்கூட அசையவில்லை.

"பிளக் வயர எலி கடிச்சிருக்கு மதினி. நாலு சிலிண்டர்ல மூணுதான் ஓடுச்சு. அதான் ஒதறல். அன்னைக்கு வாசல்ல நின்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு, அப்பவே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா?" ரோகிணியின் கையிலிருந்த பூண்டு கீழே விழுந்தது. "அப்ப அவரு என்ன சொன்னாரு?"

செந்தில்வேல் பானெட்டை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"'எனக்கும் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சுடா, உன் மதினி வாயால வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ற வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டா கழட்டச் சொல்லப் போறேன், நீ அந்தப் பக்கம் தலையக் காட்டாத'ன்னாரு மதினி."